கந்தசட்டியும் கன்ட்ரி பாட்டும்

இரண்டாவது பாட்டிலேயே இக்னேசியஸின் தொண்டை கம்மத் தொடங்கிவிட்டது. ஸ்காபரோவில் ஒரு மதுக்கடையின் சின்ன மேடையில், பிற்பகல் வேளையில், கவ்பாய் தொப்பியும் கிற்றாருமாக நின்று மனதுக்குள் மாதாவை மன்றாடினார்.

கொழும்பு ஹோட்டல்களில் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுப் பாடி ஒருகாலம் பெயரெடுத்தவர். கனடாவுக்கு வந்தபின் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியதுதான் மிச்சம். தட்டிய கதவெல்லாம் அவர் முகத்தைக் கண்டதும் சாத்திக்கொண்டன. இந்தக் கடைக்காரன் வால்டர் மட்டும், "உன் ஆட்களைக் கூட்டி வா. வியாபாரம் நடந்தால் சனிக்கிழமைகள் உனக்கு" என்றிருந்தான். இதுவும் தவறினால் கிற்றாரை விற்றுவிடுவதாக மனைவி வேரோனிக்காவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். வியாபாரக் கதையை வெட்கத்தில் வேறு எவரிடமும் சொல்லவில்லை.

நண்பன் மகேஸ்வரன் அடுக்குமாடிச் சனத்தையெல்லாம் கிளப்பிக்கொண்டு வந்திருந்தான். ஒரு கதிரைகூடக் காலியில்லை. ஆனால் மேசைகளில் தண்ணீர்க் கிளாஸைத் தவிர ஒன்றுமில்லை. வால்டர் துடைத்த கிளாஸையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் இக்னேசியஸ் நண்பனைப் பிடித்தார்.

"டேய், ஆளுக்கொரு பியராவது எடுக்கச் சொல்லடா. என்ரை சீவியமே உதிலைதான் கிடக்கு."

"விசரா, கந்தசட்டி எல்லோ! சனம் விரதமடா. நீ வேதக்காரன், உனக்கெங்கை தெரியப்போகுது."

"அப்ப ஏன்ரா முதலே சொல்லேல்லை?"

"நீ பாட்டுக் கேக்கத்தானே கூப்பிட்டனீ?"

மேடைக்குத் திரும்பினார். ரயிலைப் பற்றிய பாட்டின் நடுவில் குரல் அடியோடு உடைந்தது. தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்யும் யோகமலர் எழுந்து வந்து ஒரு பிளாஸ்க்கை நீட்டினாள்.

"அண்ணை, சுடுபால். குடியுங்கோ, தொண்டை இளகும்."

ஒரே மூச்சில் குடித்து முடித்தார். அடுத்த பாட்டுகள் தேறின. வியாபாரம் தேறவில்லை. "நன்றாகப் பாடினாய்" என்று வால்டர் கைகொடுத்தான். "ஆனால் தண்ணீர் விற்று நான் கடை நடத்த முடியாது."

வெளியே பொழுதுபட்டுக் குளிர்காற்று அடித்தது. தொப்பியைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். பஸ் தரிப்பிடத்தில் நின்ற யோகமலரிடம் பிளாஸ்க்கைக் கொடுக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

"தங்கச்சி, நீயும் விரதமெல்லோ? இந்தப் பால்?"

"பொழுதுபட்டாப்பிறகு குடிப்பமெண்டு கொண்டந்தது."

"அப்ப இனி உனக்கு?"

"நாளைக்குக் குடிக்கலாம். அண்ணை, அந்த இங்கிலீசு எனக்கு விளங்கேல்லை. ஆனா ரயில் கூவுறமாதிரி ஒண்டு பாடி இடையிலை விட்டிட்டியள். அதின்ரை மிச்சம் என்ன?"

இக்னேசியஸுக்கு இனிப் பாட மேடை இல்லை. ஆனாலும் தனக்காகப் பட்டினி கிடக்கும் ஒருத்தி கேட்டும் பாடாமல் போனால் அது பாவம் என்று பட்டது. பெட்டியைத் திறந்து, விறைத்த விரல்களால் கிற்றாரை எடுத்தார்.

பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. யோகமலர் ஏறவில்லை.