வெறும் கிண்ணம்

பரிமளா மண்வெட்டியைக் கீழே வைக்க மாட்டேன் என்று சொன்னபோது மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"நான் வெட்டிக்கிட்டே சொல்றேன். நீங்க பாட்டுக்கு உங்க குழிய வெட்டுங்க" என்றாள் பரிமளா. சொன்னபடியே வெட்டவும் ஆரம்பித்தாள். முதல் உலகப்போர் ஏன் வந்தது என்பதை ஏரி மண்ணை வெட்டிக்கொண்டே சொல்ல முடியுமா? ஒரு வாக்கியம் சொல்வாள், மூச்சு வாங்கும், அடுத்த வெட்டு விழும். ஆஸ்திரிய இளவரசர் சாவதற்குள் அவளுக்கே உயிர் போய்விடும் போலிருந்தது. காற்று வேறு எதிர்ப்பக்கமாக அடித்தது. மூன்றாவது குழியில் நின்ற செல்லக்கண்ணுவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

செந்துறையிலிருந்து டவுன் பஸ் போகும் தூரத்தில் இருக்கிற ஊர் அது. ஒரு பக்கம் முந்திரிக் காடு, இன்னொரு பக்கம் சிமெண்ட் லாரிகள் போய்வருகிற ரோடு. மாசி மாதத்தில் ஏரி வற்றியதும் நூறு நாள் வேலையை அங்கே போட்டார்கள். ஆளுக்கு ஒரு குழி. வெட்டும்போது குழியின் நடுவில் கொஞ்சம் மண்ணைத் தொடாமல் திட்டாக விட்டுவிட வேண்டும். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அந்தத் திட்டை வைத்துத்தான் அளப்பார்கள். அளவு குறைந்தால் சம்பளம் குறையும்.

பக்கத்துப் பக்கத்துக் குழியில் வேலை பார்த்த நான்கு பேரில் மூன்று பேர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் பணம் கட்டியிருந்தார்கள். யோசனை நந்தினியுடையது. ஜெயங்கொண்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண், கணக்கில் கோட்டைவிட்டவள். பத்தாவது பாஸாகிவிட்டால் அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போடலாம் என்று அவள்தான் செல்லக்கண்ணுவையும் பரிமளாவையும் இழுத்துவிட்டாள். நான்காவது ஆள் கிருஷ்ணம்மாள். ஐந்தாவதோடு நின்றவள், பேரன் பேத்தி எடுத்துவிட்டவள். "பரீட்ச எழுதலன்னா என்ன, கேட்டா காது தேஞ்சா போயிடும்?" என்று அவளும் சேர்ந்துகொண்டாள்.

வீட்டில் உட்கார்ந்து படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? அதனால் நந்தினி ஒரு ஏற்பாடு செய்தாள். ஆளுக்கொரு பாடத்தைப் பிரித்துக்கொள்வது. அன்றைக்கு யாருடைய முறையோ அவள் கரையில் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும். மற்ற மூன்று பேரும் தங்கள் குழியோடு அவள் குழியையும் சேர்த்து வெட்டிவிட வேண்டும். பணித்தளப் பொறுப்பாளர் ராஜேஷ், வருகைப் பதிவுக்காகக் காலையில் எல்லோரையும் செல்போனில் போட்டோ எடுக்க வந்தவன், "உக்காந்து படிக்கறதுக்கா சம்பளம்?" என்று கேட்டான். "தம்பி, சாயங்காலம் வந்து திட்ட அளந்து பாரு. கொறஞ்சா கேளு" என்றாள் கிருஷ்ணம்மாள். சாயங்காலம் அளந்து பார்த்தான். குறையவில்லை. அப்புறம் அவன் வாயைத் திறக்கவில்லை.

நந்தினி அறிவியல் நடத்துவாள். வெளியிலிருந்து ஒரு விசை வந்து தள்ளாதவரை சும்மா கிடக்கிற பொருள் சும்மாவேதான் கிடக்கும் என்று அவள் சொன்ன அன்றைக்கு, "அப்ப எங்க வூட்டு மனுசன பத்தி புஸ்தகத்துலயே போட்டுட்டான்னு சொல்லு" என்றாள் கிருஷ்ணம்மாள். குழிக்குள் நின்றபடி எல்லோரும் சிரித்த சிரிப்பில் பொறுப்பாளர் திரும்பிப் பார்த்தான். செல்லக்கண்ணு தமிழ் நடத்துவாள். பரிமளாவுக்குச் சமூக அறிவியல். நால்வரில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவள் அவள்தான். ஒன்பதாவது வரைக்கும் படித்தவள். ஒரு பக்கத்தை ஒருமுறை வாசித்தால் போதும், கதையாகச் சொல்லிவிடுவாள்.

ஆனால் கரையில் உட்கார மாட்டாள். அவள் முறை வரும்போதெல்லாம் ஒரு சாக்கு. தொண்டை கட்டியிருக்கிறது. இன்றைக்கு அறிவியலே போகட்டும். "நீ சொல்லு நந்தினி, ஒன் குழிய நானே வெட்டிடறேன்." அப்படித்தான் வெட்டவும் செய்தாள். நந்தினியின் குழி, செல்லக்கண்ணுவின் குழி, முழங்கால் வலிக்கிறது என்று கிருஷ்ணம்மாள் உட்கார்ந்தால் அவள் குழியும். உடம்பு முறிய வெட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்போது பரிமளாவுக்கு நிறைவாக இருக்கும். யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை. அந்த நினைப்பில்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

இது இன்றைக்கு வந்த குணமில்லை. ஒன்பதாவது படிக்கும்போது ஒரு டீச்சர் அவள் வீட்டுக்கே வந்தார். அரியலூர் ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்கள், சாப்பாடு துணி எல்லாம் இலவசம், நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றார். அவள் அப்பா தங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சும்மா குடுக்கறத வாங்கித் தின்னுட்டு நாளைக்கு நாலு பேரு முன்னாடி எப்புடிங்க டீச்சர் நிமிந்து நிக்கறது?" என்று கேட்டார். டீச்சருக்குக் காபிகூட வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். அடுத்த வாரம் பரிமளா ஆடு மேய்க்கப் போனாள். அப்பா மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. இல்லாதவனுக்கு மானம்தானே சொத்து என்று அவளும் நம்பினாள். அந்தச் சொத்தைத்தான் இத்தனை வருடமாகக் காவல் காத்துக்கொண்டிருக்கிறாள்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் முருங்கைக்கீரைப் பொரியல் வந்தால் பரிமளாவுக்கு இருப்புக் கொள்ளாது. வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது ஊரில் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான். மற்றவர்கள் நாலு நாள் கழித்து, கையில் இருக்கும்போது, எதையாவது போட்டுக் கொடுப்பார்கள். மறந்தும் போவார்கள். பரிமளா அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள், வந்ததைவிட ஒரு பிடி கூடப் போட்டுத் திருப்பிவிடுவாள். வீட்டில் ஒன்றுமில்லை என்றால் கடைக்கு ஓடிப்போய் வெல்லமாவது வாங்கி வைப்பாள். கொடுத்தவளுக்கே சங்கடமாகிவிடும். இவளுக்கு ஒன்று கொடுத்தால் இவளைச் செலவில் இழுத்துவிடுகிறோமே என்று கொஞ்சம் கொஞ்சமாக யோசிக்க ஆரம்பித்தார்கள். கிண்ணங்கள் வருவது நின்றுபோனது. கணவன் முருகையன் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோடு வடக்கே போனவன், மழைக்காலத்தில்தான் வருவான். மகள் அனிதா திருச்சியில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டல். வீட்டில் பரிமளாவும் ஒரு டிவியும்தான். யாருக்கும் எதுவும் பாக்கி இல்லாத வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

பரீட்சை நெருங்கியதும் நந்தினி ஒரு நாள் எல்லாப் பாடத்திலிருந்தும் கேள்வி கேட்டாள். அறிவியலுக்குச் செல்லக்கண்ணு டக் டக்கென்று பதில் சொன்னாள். தமிழும் பரவாயில்லை. வரலாறு வந்ததும் முழித்தாள்.

"எனக்கு ஒரு வரியும் ஏறல. பரிமளம் சொல்லும்னுதான் அந்தப் புஸ்தகத்த நான் தொறக்கவே இல்ல" என்றாள். ஏற்கெனவே ஒரு தடவை எழுதித் தவறியவள், அவளுக்கு இதுதான் கடைசித் தடவை. இந்த முறையும் போனால் வீட்டில் இன்னொரு தடவை பணம் கட்டவிட மாட்டார்கள்.

"நான் இன்னும் நல்லா படிக்கணும்க்கா. அதுக்கு முன்னாடி எப்புடிச் சொல்றது? வாங்க, ஒங்க குழிய நான் வெட்டறேன்" என்று பரிமளா மண்வெட்டியை எடுத்தாள்.

நந்தினி குறுக்கே வந்து காம்பைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. எங்க குழியெல்லாம் நீங்க வெட்டுவீங்க. ஒங்க குழியில நாங்க ஒரு சட்டி மண்ணு அள்ளக்கூடாது. அப்ப நாங்க யாருக்கா? ஒங்ககிட்ட பிச்ச வாங்க வந்தவங்களா?"

"ஏ புள்ள, வுடு" என்று கிருஷ்ணம்மாள் மட்டும் முணுமுணுத்தாள். பிச்சை என்ற வார்த்தையைத் தன்னைப் பற்றி யாரும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் பரிமளா இத்தனை காலம் பயந்திருந்தாள். அதை மற்றவர்கள் தலையில் தானே ஏற்றிவைத்திருப்போம் என்று நினைத்ததே இல்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மறுநாள் வரிசையின் கடைசியில், சீமைக்கருவேல மரத்தடியில் இருந்த குழிக்கு மாறிக்கொண்டாள். அங்கிருந்து நந்தினி பேசுவது கேட்காது. சிரிப்பு மட்டும் கேட்கும். தன் குழி, தன் மண்வெட்டி, தன் தண்ணீர் பாட்டில். மத்தியானம் மற்ற மூன்று பேரும் சோற்றுப் பாத்திரங்களைத் திறந்து மாற்றி மாற்றி எடுத்துச் சாப்பிடுவதைப் பார்க்காமல் இருக்க, மரத்துக்கு அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். சாயங்காலம் வீட்டில் புத்தகத்தை விரித்து, சத்தம் போட்டு வாசித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் வந்தது. கேட்கத்தான் ஆளில்லை. நான்கு நாளில் அவளுக்கு அந்தக் குரலே பிடிக்காமல் போய்விட்டது.

ஐந்தாம் நாள் அனிதா போன் செய்தாள். வழக்கமான பேச்சுதான். சாப்பிட்டியா, அப்பா பேசினாரா. இடையில் வாய்தவறி, "காய்ச்சல் வந்தப்ப எடுத்த லீவுக்கு இப்ப டியூட்டி பாக்கறேம்மா" என்று சொல்லிவிட்டாள்.

"என்னடி காய்ச்சல்? எப்ப?"

"போன மாசம்மா. டெங்குன்னு சொன்னாங்க. இப்ப ஒண்ணும் இல்ல. ஹாஸ்டல்ல என்கூட இருக்கற கவியாதான் பக்கத்துலயே இருந்தா. கஞ்சி காச்சிக் குடுத்து, துணியெல்லாம் தொவச்சிப் போட்டு..."

இப்போது எப்படி இருக்கிறாய் என்றுதான் பரிமளா கேட்க நினைத்தாள். ஆனால் வாயில் வந்த கேள்வி வேறு. "அந்தப் புள்ளைக்கு நீ என்னடி திருப்பிச் செஞ்ச?"



"இதுக்குதாம்மா ஒங்கிட்ட சொல்லல" என்றாள் அனிதா. "சொன்னா நீ என்னைப் பாக்க வரமாட்ட. கவியாவுக்கு முறுக்கு சுட்டு எடுத்துக்கிட்டு வருவ. அவ என் ஃப்ரெண்டும்மா. கணக்குத் தீக்கறதுக்கு அவ என்ன அன்னியமா?"

மகள் படுத்துக் கிடந்திருக்கிறாள், தனக்குத் தெரியவில்லை. போனை வைத்த பிறகு வெகுநேரம் பரிமளா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மகள் பொய் சொல்லி மறைத்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. தான் முறுக்குதான் சுட்டிருப்போம் என்று பரிமளாவுக்கே தெரிந்திருந்தது. தான் பத்தாவது எழுதப் போவதை அவளும்தான் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. ஆசையைச் சொல்வதும் கையேந்துவது மாதிரிதான் என்று அடக்கிவைத்திருந்தாள். சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தாள். அவர் நிமிர்ந்துதான் நின்றிருந்தார்.

மறுநாள் காலை போட்டோ எடுத்து முடித்ததும் பரிமளா தன் குழிக்குப் போகவில்லை. மண்வெட்டியை இழுத்துக்கொண்டு அந்த மூன்று பேர் இருந்த இடத்துக்கு வந்தாள். என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மண்வெட்டியைக் கிருஷ்ணம்மாளிடம் நீட்டினாள்.

"பெரியம்மா, என் குழிய கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

அவள் அறிந்து யாரிடமும் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. கிருஷ்ணம்மாள் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். மரத்தடிக் குழியை நோக்கி முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். அந்த நடையைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது பரிமளாவுக்கு. புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தாள்.

"சத்தமா சொல்லுடி! அங்க வரைக்கும் கேக்கணும்!" என்று போகிற போக்கில் கத்தினாள் கிருஷ்ணம்மாள்.

சத்தமாகத்தான் சொன்னாள். முதல் இரண்டு பக்கம் குரல் நடுங்கியது. ஒவ்வொரு மண்வெட்டி விழும் சத்தமும் தன் மேலேயே விழுவதாக இருந்தது. இளவரசரும் மனைவியும் காரில் போவது, ஒருவன் சுடுவது, அதற்காக நாடு நாடாகச் சண்டைக்குக் கிளம்புவது என்று கதை சூடுபிடித்ததும் நடுக்கம் விட்டுப்போனது. "பங்காளி வூட்டு வரப்புத் தகராறு மாதிரியில்ல இருக்கு!" என்று தூரத்திலிருந்து கிருஷ்ணம்மாளின் குரல் வந்தது. செல்லக்கண்ணு இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டாள். நந்தினி தன் குழியை முடித்துவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு கடைசிக் குழிக்கு மண் அள்ளப் போனாள். போகும்போது பரிமளாவைப் பார்த்துச் சிரித்தாளா என்று தெரியவில்லை. வெயிலில் கண் கூசியது.

மத்தியானம் நந்தினி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் தட்டைப்பயறு சுண்டலை அவள் பக்கமாக நகர்த்தினாள். "எங்க அம்மா வூட்டுலேருந்து வந்தது. மிச்சத்த வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பரிமளாவும் சரி என்று மட்டும் சொன்னாள். சாயங்காலம் ராஜேஷ் வந்து அளந்தான். கடைசிக் குழியில் நடுத்திட்டு மட்டும் தனியாக நின்றது. சுற்றிலும் பரிமளாவின் கை படாமலே மண் ஒழுங்காக வெட்டி அள்ளப்பட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து மிச்சச் சுண்டலைச் சாப்பிட்டு, கிண்ணத்தைக் கழுவினாள். கை பழக்கத்தில் அரிசிப் பானைப் பக்கம் போனது. அப்புறம் வெங்காயக் கூடை. போன தடவை சந்தையில் வாங்கிய பொட்டுக்கடலை கொஞ்சம் இருந்தது. மூடியைத் திறந்து ஒரு கை அள்ளினாள். அள்ளிய கையோடு நின்றாள். வெளியே லாரி ஒன்று போய், சத்தம் அடங்கி, வீடு பழையபடி ஆனது. கடலையைத் திரும்ப டப்பாவிலேயே போட்டாள். அது எளிதாக இல்லை. இரண்டு மூன்று கடலை விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் தட்டிவிட்டாள்.

போனை எடுத்து அனிதாவின் எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. டியூட்டியில் இருப்பாள். நாளைக்கு நந்தினியிடம் கொடுக்க வேண்டிய கிண்ணம் எதிரே மேடையில், உள்ளே ஒன்றுமில்லாமல், அடியில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு இருந்தது. பரிமளா அதைப் பார்த்தபடி போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.