செவ்வாய்க்கிழமை சிறுவாச்சூர்

இதில் என் தப்பு எவ்வளவு, கலையரசியின் தப்பு எவ்வளவு என்பதற்கு இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. என்னைக் கேட்டால் முக்கால் பங்கு அவளுடையது. அவளைக் கேட்காதீர்கள்.

நாங்கள் மூன்று பேர். நான் சிந்தாமணி, அரியலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கலையரசி உடையார்பாளையத்தில் விளையாட்டுச் சொல்லித்தரும் பி.டி. டீச்சர். மேகலா தா.பழூர்ப் பக்கம் சத்துணவு அமைப்பாளர். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஜெயங்கொண்டத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒவ்வொரு மே மாத லீவிலும் ஒரே ஒரு நாள் புருஷன், பிள்ளைகளை விட்டுவிட்டு எங்காவது போய்வருவோம். போகிற இடமெல்லாம் ஏதாவது கோணலாகும். போன வருஷம் கரைவெட்டிக்குப் பறவை பார்க்கப் போனோம். பறவைகளெல்லாம் எப்போதோ கிளம்பிப் போயிருந்தன. காய்ந்த ஏரியில் மேய்ந்துகொண்டிருந்த நாலு ஆடுகளைப் பார்த்தபடி புளிச்சோறு தின்றுவிட்டுத் திரும்பினோம்.

இந்த வருஷம் போனது விளையாட்டுக்கு இல்லை. மேகலாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. எடுத்துவிட வேண்டும் என்று திருச்சி டாக்டரம்மா சொல்லி எட்டு மாதமாகிறது. இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் இவள் தள்ளிப்போட்டாள். முதல் முறை மகனுக்குப் பரீட்சை. இரண்டாம் முறை திருச்சிக்குப் போன பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. சகுனம் சரியில்லை என்று எதிரே வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கிவிட்டது, இனியும் தள்ளினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா கண்டித்து மூன்றாவது நாள் குறித்தார். வியாழக்கிழமை.

அப்போதுதான் மேகலா ஒரு நிபந்தனை போட்டாள். சிறுவாச்சூர் காளியம்மனுக்கு மாவிளக்கு போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவாளாம். அது நல்லபடியாக நடந்தால் அம்மா உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். நடக்காவிட்டால் ஆபரேஷன் கிடையாது. அவளுக்குப் பயம். நானூறு பிள்ளைகளுக்கு உலை வைக்கிறவள், பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். எல்லாவற்றையும் அம்மன் தலையில் போட்டுவிடுவாள்.

சிறுவாச்சூர்க் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். இது எனக்குத் தெரியும். மேகலா சின்ன வயதில் போனதோடு சரி, கிழமை ஞாபகமில்லை. அதனால்தான் கலையரசிக்குப் போன் செய்து, "திங்கக்கிழம காலையில ஆறு மணிக்குக் கார் சொல்லிடு" என்றேன். ஏன் திங்கள் என்று சொன்னேனா என்றால், சொல்லவில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்ததை ஒரு டீச்சருக்குத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா.

கார் வந்தது. செவ்வாய்க்கிழமை வந்தது.

எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று எல்லோரும் கேட்கிறார்கள். வைகாசி முகூர்த்தம். மூன்று கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் மிஷினில் கிடந்தன. சனி, ஞாயிறு என்று பார்க்காமல் மிதித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கார் ஹாரன் கேட்டது. கார் வந்துவிட்டது, அப்படியானால் இன்று திங்கள் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். போனில் கிழமை போட்டிருக்குமே என்கிறார்கள். போட்டிருக்கும். யார் பார்த்தது.

முன் சீட்டில் கலையரசி விசில் மட்டும்தான் கழுத்தில் இல்லை, மற்றபடி பள்ளிக்கூட மைதானத்தில் நிற்கிற அதே தோரணையில் இருந்தாள். பின்னால் மேகலா மடியில் எவர்சில்வர் தூக்கோடு. தூக்கில் ஊறவைத்த பச்சரிசி. அந்தக் கோயிலுக்கு வீட்டிலிருந்து மாவாகக் கொண்டுபோவது வழக்கமில்லை. ஊறவைத்த அரிசியைக் கொண்டுபோய் அங்கேயே உரலில் இடித்து, வெல்லம் பிசைந்து, விளக்கேற்ற வேண்டும்.

"நீ இடிக்கக் கூடாது. நானும் சிந்தாமணியும் இடிச்சுக்குவோம்" என்றாள் கலையரசி.

"சிந்தாமணி இடிச்சா மாவு எப்பக் கெடைக்கும்? அடுத்த வாரமா?" என்றாள் மேகலா. முகம் வெளுத்துப் போயிருந்தாலும் வாய் வெளுக்கவில்லை.

பெரம்பலூருக்கு இந்தப் பக்கம் டயரில் ஆணி ஏறிப் பஞ்சர் ஆனது. டிரைவர் தங்கசாமி அண்ணன் ஸ்டெப்னியை இறக்கி மாட்டுகிற நேரத்தில் சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போய் எங்கள் மூவருக்கும் பவுடர் போட்டுவிட்டன. மேகலா தூக்கு மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இதுவும் சகுனந்தானோ" என்று முணுமுணுத்தாள். ஆணியெல்லாம் சகுனம் இல்லை என்று அதட்டி வைத்தேன்.

ஒன்பது மணிக்கு சிறுவாச்சூரில் இறங்கினோம். கார் நிறுத்துமிடத்தில் எங்கள் காரைத் தவிர ஒரு நாய் மட்டும் இருந்தது. தேங்காய்க் கடைகளுக்கு மேல் தார்ப்பாய் போர்த்திக் கட்டியிருந்தார்கள். கோயில் கதவு சாத்தியிருந்தது.

திறந்திருந்தது ஒரே ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா, கொளஞ்சியம்மாளாம், எங்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது.

"செவ்வாக்கிழமயில யாருங்க வருவா? நேத்து வந்திருந்தா நிக்க எடமிருக்காது. இனிமே வெள்ளிதான்."

நான் தங்கசாமி அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியும்ல. சொல்ல வேண்டியதுதானே?"

"சிறுவாச்சூருன்னீங்க. கோயிலுன்னு என்கிட்ட சொல்லலீங்களே. சொந்தக்காரங்க வூட்டுக்குப் போறீங்கன்னு நெனச்சேன்."

"வழியெல்லாம் மாவிளக்கு, மாவிளக்குன்னு பேசிக்கிட்டுத்தானே வந்தோம்?"

"பொம்பளைங்க பேசுனா காது குடுக்கக் கூடாதுன்னு எங்க ஓனர் சொல்லிருக்காருங்க" என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு.

மேகலா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள். மூடியிருந்த கதவையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா வேணாங்குது. வியாழக்கிழம வேணாம். டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிருங்க."

இன்னொரு முறை தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் தனியாக உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். கலையரசி பக்கம் திரும்பினேன்.

"நான் திங்கக்கிழமன்னுதானேடி சொன்னேன்?"

"சொன்ன."

"அப்பறம் ஏன் செவ்வாக்கிழமைக்குக் கார் சொன்ன?"

"நீ திங்கக்கிழமன்னா செவ்வாக்கிழமதானே" என்றாள் அவள், ஏதோ ரெண்டும் ரெண்டும் நாலு என்கிற மாதிரி. "என் தம்பி கல்யாணத்துக்கு ஜாக்கெட் எப்பத் தரேன்ன? புதன். எப்பத் தந்த? வியாழன். என் மக வினோதினி பாவாடை சட்டை? வெள்ளின்ன, சனிக்கிழம பொழுது சாய குடுத்த. இருவது வருஷமா நீ சொல்ற நாளோட ஒரு நாள் கூட்டித்தான் நான் வாழ்ந்துக்கிட்டு இருக்கேன். நாத்து நட வரேன்னுட்டு வராத ஆளு மாதிரிதான் நீ, சொன்ன நாளைக்கு ஒரு தடவ குடுத்திருந்தா சொல்லு."

இதில் உண்மை இல்லாமலில்லை. எந்தத் தையல்காரியும் முடிக்கிற நாளைச் சொல்ல மாட்டாள். ஒரு நாள் முன்னால்தான் சொல்வாள். அவர்கள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனால்தான் மறுநாள் ஊக்கு வைக்கக் கை வரும். அது தொழில்.

"அது ஜாக்கெட்டுக்குடி. சாமிக்குமா நாள் கூட்டுவாங்க?"

"ஜாக்கெட்டுக்கு ஒரு வாய், சாமிக்கு ஒரு வாயா வச்சிருக்க? சரி, திங்கக்கிழம கார் வரலையே, ஏன்டி வரலன்னு ஒரு போன் பண்ணியா?"

திங்கள் வந்துபோனதே எனக்குத் தெரியாது என்பதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது.

"பண்ணலல்ல? ஏன்னா நேத்து நீ ரெடியாவே இல்ல. இன்னைக்கே கொண்டையில ஊசி நூலு தொங்குது."

கையை வைத்துப் பார்த்தேன். தொங்கியது. மஞ்சள் நூல்.

விடுவேனா. ஒரு போன் செய்து சரியா என்று கேட்காத உன் புத்தி என்ன புத்தி, கரைவெட்டிக்கு மே மாதம் கூட்டிப்போன ஆள்தானே நீ என்று ஆரம்பித்தேன். அவள் அதற்கு முந்தின வருஷத்துக் கதையை எடுத்தாள். நான் பன்னிரண்டாம் வகுப்பு டூரை இழுத்தேன். கொளஞ்சியம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. தங்கசாமி அண்ணன் காது கொடுக்கக் கூடாது என்பதை மறந்து பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் மேகலா ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தப் பார்க்கிறாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிகிறது.

"வலிக்குதுடி, சிரிக்க வைக்காதீங்கடி" என்றாள். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. கொஞ்ச நேரம் மூன்று பேரும் பேசவே முடியாமல் பெஞ்சில் கிடந்தோம். மூவருக்கும் நாற்பத்து மூன்று வயது.

மூச்சு வாங்கி முடித்ததும் மேகலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அன்னைக்கு பஸ்சு ஏன் நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியல. அதனால சகுனம்னு நெனச்சேன். இன்னைக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு காரணமும் எதுத்தாப்புல நின்னு சண்ட போடுது. உங்க ரெண்டு பேரு புத்திக்கு அம்மா என்ன பண்ணும், பாவம்."

நான் மேகலாவின் மடியிலிருந்த தூக்கை வாங்கிக் கீழே வைத்தேன்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள் அவள். எட்டு மாதத்தில் முதல் முறையாக அந்த வார்த்தையைச் சொன்னாள். "ராத்திரியில படுத்தா, மயக்க மருந்து குடுத்து எந்திரிக்காமயே போயிட்டா என்ன பண்றதுன்னுதான் நெனப்பு வருது. புள்ளைய யாரு பாத்துப்பான்னு. ஆனா இப்ப நீங்க கத்துன நேரத்துல அது ஞாபகமே வரல. வியாழக்கிழம வரேன். உள்ள கொண்டு போற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இப்படியே சண்ட போட்டுக்கிட்டு இருக்கணும். அப்பத்தான் வருவேன்."

"அதுக்கென்ன, எங்களுக்கு வேற என்ன வேல?" என்றாள் கலையரசி.

"ஒடம்பு தேறி வந்து விளக்குப் போடுங்க. அம்மா எங்க போயிடப் போவுது" என்று சொல்லிக் கொளஞ்சியம்மாள் மூன்று டீயை நீட்டியது. அரிசியை வீணாக்க மனமில்லாமல், வெல்லத்தை உடைத்துப் போட்டு அங்கேயே மென்று தின்றோம். தங்கசாமி அண்ணனுக்கும் ஒரு கை கொடுத்தோம்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் மேகலாவின் புருஷன் மாயவன் பில்லும் கையெழுத்துமாக ஓடிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நானும் கலையரசியும் நின்றோம். பச்சை உடுப்பில், தலையில் துணித் தொப்பியோடு அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூந்தலைக் கட்டி மறைத்ததும் அவள் முகம் ஆறாம் வகுப்பு முகமாகிவிட்டது. போட வேண்டிய சண்டை மறந்தே போயிற்று. கலையரசியைப் பார்த்தேன். ஐந்நூறு பிள்ளைகளை ஒரு குரலில் வரிசையில் நிறுத்துகிறவள், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸ்ட்ரெச்சர் எங்களைத் தாண்டியது. மேகலா தலையைத் திருப்பிப் பார்த்தாள். "என்னடி, இன்னைக்குப் பாத்து ரெண்டு பேருக்கும் வாயடைச்சுப் போச்சா?" என்றாள்.

கலையரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பிடுங்கினாள். "இது காப்பியா? இதுல சீனி எங்கடி? ஒரு காப்பி வாங்கத் துப்பில்ல, வந்துட்டா."

"உனக்கு சுகர்னு சீனி வேணாம்னு சொன்னது யாரு? இங்க வந்து மாத்திப் பேசுற."

"சுகரு பார்டர்லதான் இருக்குன்னுதானேடி சொன்னேன்."

"பார்டரு, ஓரம் அடிக்கிறதெல்லாம் தையக்காரி என்கிட்ட சொல்லாத."

நர்ஸ் வந்து, இது ஆஸ்பத்திரி, சத்தம் போடாதீங்க என்றார். ஸ்ட்ரெச்சரில் மேகலாவின் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. சிரிக்கிறாள். அப்படியே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவு மூடிக்கொண்டது.

நாங்கள் நிறுத்தவில்லை. இரண்டு பேர் முகத்திலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நர்ஸ் முறைத்தார். கதவுப் பக்கமாகத் திரும்பி நின்று, அவளுக்கு மயக்கம் வருகிறவரை கேட்கட்டும் என்று, இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சண்டை போட்டோம்.