டீசல் குடித்த கருவாடு

1

அக்டோபர் 14, செவ்வாய். நேற்று மாலை கதை எழுதும் வகுப்பில் நான் வாசித்த கதையில் ஒரு பிழை: 'புது பம்பை மாட்டிச் சாவியைத் திருப்பினான், வண்டி உறுமியது.' வீட்டில் படித்துக்காட்டியதும் அண்ணன் சிரித்துவிட்டான். டீசல் வண்டியாம்; குழாயில் புகுந்த காற்று வெளியேறும்வரை சாவியைப் போட்டுப் போட்டு அணைக்க வேண்டுமாம். அவன் பெயர் தாக் மின்யோல். கதையே அவனுடையதுதான். கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

2

கொரியாவின் குன்சான் சந்தைக்குப் பின்னால் சொந்தமாக ஒரு பட்டறை திறந்த மின்யோலுக்கு அன்று

[இப்படித் தொடங்கினால் தூக்கம் வரும். கருவாட்டிலிருந்து தொடங்குகிறேன்.]

பம்பை மாற்ற மின்யோல் பின் இருக்கையைத் தூக்கினான். அடியில் டீசல் டாங்க் மூடிமேல், வெள்ளை நூல் சுற்றிய கருவாடு ஒன்று வாயைப் பிளந்து கிடந்தது. வண்டி கோங் சுன்ரே அம்மாளுடையது, பட்டறையின் போணி. சந்தை மீன்காரர்களின் தலைவி அவர். அவர் தலையாட்டினால் சந்தை வண்டிகள் அத்தனையும் இங்கே வரும். உதட்டைப் பிதுக்கினால், மின்யோல் பழைய முதலாளியிடமே போய் நிற்க வேண்டியதுதான்.

"அம்மா, இதைக் கொஞ்சம் எடுக்கட்டுமா?"

"எடு. தரையில மட்டும் வைக்காத. வண்டி வாங்கினப்ப காவலுக்குப் பூசை போட்டு வச்சது. அன்னையிலேர்ந்து வண்டில ஒரு கீறல் இல்ல."

"பம்பு போயிருச்சே."

"பம்பு கம்பெனிக்காரன் வச்சது. கருவாடு நான் வச்சது."

மின்யோல் அதை முன் இருக்கையில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டான்.

"எனக்குக்கூட இந்த மரியாதை இல்லையே முதலாளி" என்றார் அம்மாள்.

(பெல்ட் போட்டது உண்மை. வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை.)

3

மூடியைச் சுற்றியிருந்த தூசியை மெஷினால் உறிஞ்சி எடுத்தான். பூட்டு வளையத்தைத் தட்டித் திருப்பி, பழைய பம்பைத் தூக்கிவிட்டுப் புதியதை இறக்கினான். புது ரப்பர் வளையம் வைத்து இறுக்கினான். கருவாட்டைப் பழைய இடத்திலேயே படுக்கவைத்தான். சுபம்.

நேற்று இதோடு முடித்திருந்தேன். இன்று காலை அண்ணன் சோதனை ஓட்டம் போய், மேட்டுச் சாலையில் டீசல் நாற்றம் தாங்காமல் திரும்பி வந்தான். இருக்கையைத் தூக்கினோம். கருவாட்டை எடுத்தபோது அவிழ்ந்த நூலின் நுனி, மூடியை இறுக்குகையில் ரப்பருக்கு அடியில் மாட்டி டாங்குக்குள் தொங்கியிருக்கிறது. விளக்குத் திரிபோல இரவெல்லாம் டீசலை உறிஞ்சிக் கருவாட்டுக்கு ஏற்றியிருக்கிறது. கருவாடு பளபளவென்று இருந்தது.

4

முடிவு அ: உண்மையைச் சொல்வது.

"சொல்லிடுண்ணா."

"நூல் மாட்டிக்கிச்சுன்னா, 'என் பூசையவா குத்தம் சொல்ற'ன்னு கேப்பாங்க. நான் கவனிக்கலன்னு சொன்னா, கண்ணு தெரியாதவன்கிட்டயா வண்டிய விட்டோம்னு சந்தையே பேசும்."

முடிவு ஆ: மாற்றிவிடுவது.

"வேற கருவாடு வாங்கி வச்சிடு."

"மீன் விக்கிறவங்களையே மீனை மாத்தி ஏமாத்தச் சொல்றியா? அறிவாளி."

முடிவு இ: அம்மாளுக்கு மூக்கு அடைத்திருப்பதாக எழுதுவது. [எழுதிப் பார்த்தேன். ஜலதோஷத்திலும் அவர் மீனை முகர்ந்தே வாங்குவார் என்று தோன்றியது. அடித்துவிட்டேன்.]

அண்ணன் இப்போது கதவருகே நின்று, "என்ன எழுதியிருக்க? நான் என்ன சொல்றேன் அதுல?" என்று கேட்கிறான். நாளை அம்மாள் வண்டியை எடுக்க வந்ததும் அவன் வாயைத் திறக்கும் இடத்தில் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நிரப்பிவிடுங்கள்; அவன் படித்துக்கொள்வான்.

"....................."

5

நாளை, புதன்: நூலை வெட்டி எடுத்து வேறு ரப்பர் வளையம் போட வேண்டும். காற்று போகும்வரை சாவியைப் போட்டுப் போட்டு அணைக்க வேண்டும். கருவாட்டை, எது முடிவானாலும், முன் இருக்கையில் வைத்து பெல்ட் போட வேண்டும்.