மூன்றாவது வேண்டாம்

அந்த வருஷம் மழைக்குப் பஞ்சம், கோதுமைக்குப் பஞ்சம், பேரரசர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. பனி உருகியதிலிருந்து ரோமுக்கு மூன்று பேர்! ஒருவருக்குச் சிலை செதுக்கி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்து உட்கார்ந்துவிடுவார். அந்த மூவரில் எவருக்கும் டானூப் ஆற்றங்கரையில் இப்படியொரு கோட்டை இருப்பதே ஞாபகமில்லை. அக்கரைக் கொள்ளைக்காரர்களோ படகுக்கு மேல் படகாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உதவி கேட்டு எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. கூப்பிட்ட குரலுக்கு வராத ராஜா எதற்கு, நம்மில் ஒருவரையே ராஜா ஆக்கிக்கொள்ளலாமே என்று சிப்பாய்களுக்குத் தோன்றியதில் தப்பே சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் கண் தன் புருஷன்மேல் விழும் என்று லுப்புலா கனவிலும் நினைக்கவில்லை.

"பேரரசர் தாசியஸ் வாழ்க! பேரரசர் தாசியஸ் வாழ்க!"

கோட்டைத் தளபதி தாசியஸ் அப்போது வாற்கோதுமைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. வெளியே கேடயங்களில் ஈட்டியைத் தட்டுகிற சத்தத்தில் கூரை ஓடு அதிர்ந்தது.

"என்னங்க, உங்களையா சொல்றாங்க?"

"இந்தக் கோட்டையில வேற எவன் தாசியஸ்? போச்சுடி லுப்புலா, நம்ம கதை முடிஞ்சுது."

அவர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. போன கோடையில் கீழைக் கோட்டைத் தளபதியையும் இப்படித்தான் தூக்கி உட்காரவைத்தார்கள். இருபத்திரண்டு நாள் பேரரசராக இருந்தார். பிறகு ரோமிலிருந்து பெரிய படை வந்தது. அவர் தலையை ஈட்டியில் குத்தி இதே சாலை வழியாகக் கொண்டுபோனபோது, பின்னாலேயே அவர் பெண்டாட்டியையும் கட்டி இழுத்துப் போனார்கள். லுப்புலா அதைக் கண்ணால் பார்த்தவள்.

"வேண்டாம்னு பளிச்சுனு சொல்லிட்டு வந்துடுங்க," என்றாள். "அவங்களும் மனுஷங்கதானே."

அடடா, அங்கேதான் அவள் ஏமாந்தாள். ரோமானியனுக்குப் பதவி கொடுத்தால் அவன் 'வேண்டாம்' என்று சொல்வதுதான் மரியாதை. முதல் பேரரசர் காலத்திலிருந்து அப்படித்தான். விருந்துக்கு வந்தவர் 'போதும், போதும்' என்று சொல்லச் சொல்ல நாம் அள்ளி வைப்பதில்லையா, அந்த மாதிரி. மூன்று தடவை மறுக்க வேண்டும். மூன்றாவது வேண்டாமுக்குப் பிறகு பேரரசருக்குரிய ஊதாப் போர்வையைப் போர்த்திவிடுவார்கள். அவசரத்தில் இருவருமே இதை மறந்துபோனார்கள்.

திடலில் ஆயிரம் பேர். நடுவே மண்மேடை. மேடைமேல் முக்கத்ரா நின்றான். நூறு பேருக்குத் தலைவன், இந்தக் கூத்தையெல்லாம் கிளப்பிவிட்டவனும் அவனே. கோயில் திரையிலிருந்து கிழித்த ஊதாத் துணியைக் கைகளில் ஏந்தியிருந்தான். பேரரசரைத் தவிர வேறு யார் அந்த நிறத்தைப் போர்த்தினாலும் மரணம்தான்.

தாசியஸ் மேடை ஏறினார். "தம்பிகளா, எனக்கு வேண்டாம்பா!"

"ஆஹா!" என்று திடலே குலுங்கியது. "பாத்தியாடா அடக்கத்தை!"

"டேய், நிஜமாத்தான்டா சொல்றேன்! எனக்குத் தகுதியே இல்லடா!" அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அழறாருடா! இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!" கிழட்டுச் சிப்பாய்களும் சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள். "ரெண்டாவது ஆச்சு! இன்னும் ஒண்ணுதான்!"

மேடையடியில் நின்றிருந்த லுப்புலாவுக்குச் சுருக்கென்றது. ஐயோ, எண்ணுகிறார்கள்! இந்த மனுஷன் மறுக்க மறுக்கப் போர்வை அல்லவா நெருங்கி வருகிறது!

விறுவிறுவென்று மேடை ஏறினாள். "தாடியில கஞ்சி," என்று உரக்கச் சொல்லி, முந்தானையால் துடைப்பதுபோல் அவர் காதில் கிசுகிசுத்தாள். "சரின்னு சொல்லுங்க. பறக்காவெட்டி மாதிரி சொல்லுங்க. ஆசை பிடிச்சவனை எவனுக்கும் பிடிக்காது."

தாசியஸ் ஒரு கணம் விழித்தார். அப்புறம் பாருங்கள், சாமி வந்தவர் மாதிரி குதித்தார்!

"கொண்டாங்கடா இங்க! எப்ப கேப்பீங்கன்னு பத்து வருஷமாக் காத்துக் கிடக்கேன்!" துணியை வெடுக்கென்று பிடுங்கித் தானே சுற்றிக்கொண்டார். "நாளைக்கே ரோமுக்கு நடை! ராவும் பகலும்! எவனுக்கும் ஒயின் கிடையாது! என் செருப்பை முத்தமிடாதவனுக்குக் கஞ்சி கிடையாது! டேய் முக்கத்ரா, நீதான் முதல்ல. குனிடா!"

முக்கத்ரா குனியவில்லை.

"அடப்பாவி," என்றது ஒரு குரல். "ஒரு தடவை சும்மாவாவது மறுக்கக் கூடாதா?"

"இவனை விட்டா நம்மளையே தின்னுடுவான். வெட்டுடா!"

முக்கத்ராவின் கை வாளுக்குப் போனது. நல்லவேளை, முன்வரிசைக் கிழவன் ஒருவன் சலித்துக்கொண்டான். "விடப்பா. கோட்டையைக் காக்க இந்த ஆளு போதும். நாட்டுக்குத்தான் லாயக்கில்ல." முக்கத்ரா காறித் துப்பிவிட்டுப் போர்வையை உருவிக்கொண்டான். தாசியஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். லுப்புலாவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. பிழைத்தோம், அப்பாடா, பிழைத்தோம்!

ஆனால் போர்வை வெளியே வந்துவிட்டதே! வாழ்க என்று கத்தியதே ராஜத்துரோகம். இனி யாரையாவது பேரரசர் ஆக்கி ஜெயித்தால்தான் ஆயிரம் தலையும் தப்பும். ஆயிரம் ஜோடிக் கண்களும் ஆள் தேடின. தானியக் கிடங்கின் பின்னால் நைஸாக நழுவிக்கொண்டிருந்தான் உதவித் தளபதி கொக்கேயஸ். பரம சாது.

"கொக்கேயஸ்! நம்ம கொக்கேயஸ்!"

தூக்கிக்கொண்டு வந்து மேடையில் போட்டார்கள். "ஐயையோ, நானா? எனக்கு வேண்டாம்!"

"முதல் வேண்டாம்!" என்று ஆயிரம் பேரும் பூரித்துப்போனார்கள்.

கொக்கேயஸின் பெண்டாட்டி விந்தா ஓடிவந்து லுப்புலாவின் கையைப் பிடித்தாள். அன்று காலையில்தான் புளித்த மாவு கடன் வாங்கிப் போனவள். "அக்கா, அண்ணன் காதுல என்னமோ சொன்னீங்களே. என்ன சொன்னீங்க? சொல்லுங்கக்கா!"

லுப்புலா வாயைத் திறந்தாள். கொக்கேயஸும் தப்பிவிட்டால்? போர்வை திரும்ப யாரிடம் வரும்? திறந்த வாய் அப்படியே நின்றது.

"சத்தியமா வேண்டாம், விட்டுடுங்கப்பா!" மேடையில் கொக்கேயஸ் கைகூப்பினான்.

"ரெண்டு!"

"அக்கா!"

சீ, நானும் ஒரு பெண்ணா என்று லுப்புலாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "உடனே சரின்னு சொல்லச் சொல்லுடி! அலையறவன் மாதிரி சொல்லச் சொல்லு! ஓடு!"

விந்தா மேடைப் பக்கம் திரும்புவதற்குள் கொக்கேயஸ் கதறிவிட்டான். "வேண்டாம்! வேண்டாம்!"

"மூணு!" இடி இடித்தது போல இருந்தது. முக்கத்ரா போர்வையை விரித்தான்.

"சரின்னு சொல்லுங்க!" என்று விந்தா உயிரைக் கொடுத்துக் கத்தினாள். "வாங்கிக்கோங்க! சந்தோஷமா வாங்கிக்கோங்க!"

"கேட்டீங்களாடா? மகாராணியே சொல்லிட்டாங்க!" போர்வை கொக்கேயஸின் தோளில் விழுந்தது. அவனைக் கேடயத்தில் ஏற்றித் தூக்கினார்கள். நாலு பேர் வந்து விந்தாவையும் தூக்கினார்கள். தலைகளுக்கு மேலே போகும்போது அவள் திரும்பித் திரும்பி லுப்புலாவையே பார்த்தாள்.

"கத்துடி," என்றார் தாசியஸ் பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாரும் நம்மளைத்தான் பாக்குறாங்க."

லுப்புலா கத்தினாள். "மகாராணி விந்தா வாழ்க!"