எந்தக் கிடாரத்தில் போடுவது

கந்தூரி விருந்துக்கு முந்திய நாள் இப்றாஹிம் ஒரு மூட்டை அரிசியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கினார். அரிசியில் ஒரு குறையும் இல்லை. குத்தகை வயலில் அவரே விதைத்து, அவரே காவல் இருந்து, அவரே வெட்டியது. அதை எந்தக் கிடாரத்தில் போடுவது என்பதுதான் பிரச்சினை.

அந்த ஊரில் ஆணோ பெண்ணோ, பிறக்கும்போதே ஒரு குடியோடுதான் பிறப்பார்கள். குடி தாய்வழியில் வரும். தகப்பன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தன் பிள்ளைக்குத் தன் குடியைக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் தலைவராக ஒரு மரைக்கார், கந்தூரியில் சோறாக்க ஒரு கிடாரம், பந்தியில் ஒரு வரிசை. இப்றாஹிமின் தாயோ சொறிக்கல்முனையில் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனுஷி. அவளிடமிருந்து அவருக்கு வந்தது சவரிமுத்து என்ற பெயர் மட்டும்தான். அதையும் இரண்டு வருஷத்துக்கு முன்பு கலிமாச் சொன்னபோது விட்டுவிட்டார்.

அந்த ஊர்ப் பெண் சுஹறாவைக் கண்ட பிறகு மாறினாரா, மாறிய பிறகு கண்டாரா என்று ஊர் கொஞ்சக்காலம் ஆராய்ந்தது. பிறகு அவர் சுன்னத்துச் செய்துகொண்ட செய்தி வந்தது. முப்பது வயதில் அதைச் செய்துகொண்டவனின் ஈமானைச் சந்தேகிக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. நிக்காஹ் நடந்தது. முதல் வரிசையில் நின்று தொழுதார். யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. தொழுகைக்குக் குடி தேவையில்லை. சோற்றுக்குத் தேவைப்பட்டது.

சுஹறாவின் காக்கா அப்துல் ஸமட், கல்முனையில் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பிக்கிற வாத்தியார். "அவர்ட அரிசி நம்மட கிடாரத்துலதான் போகணும் காக்கா. அவர் நம்மட சஹனிலதான் சாப்பிட இரிக்கணும்" என்று தங்கை கேட்டபோது, அதற்கென்ன, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்னபோது அவருக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இந்த வழக்கை எப்படி வாதாடுவது என்பது அவருக்கு மனப்பாடம். அந்தக் கிழமைதான் வகுப்பில் கிறிஸ்தவம் பரவிய பாடத்தை முடித்திருந்தார்.

பாடத்தை அவர் நன்றாகவே நடத்தியிருந்தார். ஈசாவைப் பின்பற்றிய முதல் ஆட்கள் எல்லாரும் யூதர்கள்தான், புது மதம் தொடங்குகிற எண்ணமே அவர்களுக்கு இல்லை, ஜெருசலேம் ஆலயத்துக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள் என்றார். பிறகு அந்தியோக்கியா போன்ற பட்டணங்களில் யூதரல்லாதவர்கள் வந்து சேர்ந்தார்கள். இவர்கள் முதலில் சுன்னத்துச் செய்து யூதராக வேண்டுமா, இவர்களோடு ஒரே பந்தியில் இருந்து சாப்பிடலாமா என்று தகராறு. ஜெருசலேமில் கூட்டம் கூடி, சில விலக்குகளை மட்டும் வைத்து, சுன்னத்துத் தேவையில்லை என்று தீர்த்தார்கள். ஆனாலும் அந்தியோக்கியாவில் வந்தவர்களோடு கூடியிருந்து சாப்பிட்ட பேதுரு, ஜெருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னாலும் அவரைக் கண்டித்தார். இந்த இடத்தில் ஸமட் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பேதுருவின் செயலைப் பற்றித் தன் சொந்த அபிப்பிராயத்தையும் சொன்னார். அது மரியாதையான அபிப்பிராயமாக இருக்கவில்லை.

இந்த ஆயுதத்தோடுதான் அவர் அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு தன் குடி மரைக்காரிடம் போனார். மரைக்கார் கச்சிமுகம்மது அவருடைய தாய்மாமன். மரைக்கார் பதவியும் குடியைப்போலத் தாய்வழியில்தான் போகும்; மாமாவுக்குப் பிறகு மருமகன், அதாவது ஸமட். ஆகையால் ஸமட் மிகப் பணிவாகவே பேசினார். கச்சிமுகம்மது கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அப்ப வந்தவங்களுக்கு நம்மட முறையெல்லாம் வேணாம் எண்டு முடிவெடுத்துட்டாங்க?" என்று கேட்டார்.

"ஓம் மாமா."

"பொறகு என்ன நடந்த?"

ஸமட் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்ல அவர் படித்த படிப்பு இடம் கொடுக்கவில்லை. "வந்தவங்கட தொகை கூடிட்டு மாமா. கன காலம் இழுபட்டு, கடைசில அது வேற மார்க்கம், இது வேற மார்க்கம் எண்டு ஆகிட்டு."

"அதத்தான் நானும் சொல்றன்" என்றார் கச்சிமுகம்மது.

மாமாவும் மோசமான மனுஷன் இல்லை. மருமகனின் முகம் வாடியதைப் பார்த்து ஒரு வழி சொன்னார். இப்றாஹிம் விருந்தாளியாக இருக்கட்டும். விருந்தாளிக்குத்தான் முதல் சஹன், நல்ல இறைச்சி, மரியாதை எல்லாம். இதில் யாருக்கு என்ன குறை? ஸமட் யோசித்துப் பார்த்ததில் ஒரு குறையும் தெரியவில்லை. தெரியக்கூடாது என்று அவர் கொஞ்சம் முயற்சியும் செய்தார். விருந்தாளிகளுக்கென்று அதுவரை தனிக் கிடாரம் இருந்ததில்லை. இப்றாஹிமின் அரிசிக்காகவே ஒன்றைக் கல்முனையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்தார்கள்.

அடுத்த நாள் பகல், ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சஹன்கள் வரிசையாக வைக்கப்பட்டன. விருந்தாளிச் சஹனில் இப்றாஹிம், தெற்கே காலி நகரிலிருந்து வந்து தையல்கடை போட்டிருந்த பளீல், பஸ் கண்டக்டராக வேலை பார்த்த ஒரு மலாய்க்காரர், ஊர் பெயர் தெரியாத இரண்டு பக்கீர்கள். தங்கைக்காக ஸமட்டும் அங்கே போய் இருந்தார். பிஸ்மி சொல்லி முதல் பிடி வைத்தபோது, அக்கரைப்பற்றிலிருந்து ஸமட்டின் குடியைச் சேர்ந்த பெரிய ஆட்கள் சிலர் முற்றத்துக்குள் வந்தார்கள். கச்சிமுகம்மது அவர்களை வரவேற்று, வாசலில் நின்றபடியே ஸமட்டைப் பார்த்தார். கூப்பிடவில்லை. பார்த்தார்.

கையைக் கழுவிட்டு வாறன் என்று சொல்லிவிட்டு ஸமட் எழும்பினார். கையைக் கழுவவும் செய்தார். கழுவிய கையோடு குடிச் சஹனில் போய் உட்கார்ந்து, அக்கரைப்பற்றுக்காரர்களோடு வயல் விலை கதைத்துக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டார். இப்றாஹிம் ஸமட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஈரல் துண்டைக் கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டுப் பளீல் பக்கம் தள்ளினார். பேதுருவின் ஞாபகம் ஸமட்டுக்கு ஏப்பம் விடும்போதுதான் வந்தது. வெட்கமாக இருந்தது. யாராவது எல்லார் முன்னாலும் கண்டித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூடத் தோன்றியது; ஆனால் ஒருவரும் கண்டிக்கவில்லை, வட்டிலப்பம் வந்தது.

அதற்குப் பிறகு பளீலும் கண்டக்டரும் வெள்ளி தோறும் ஜும்ஆ முடிந்து இப்றாஹிமின் வீட்டு முற்றத்தில் ஒரு சஹனில் சாப்பிடத் தொடங்கினார்கள். ஊரில் பெண் எடுத்துத் தங்கிவிட்ட, குடியில்லாத வேறு ஊர்க்காரர்கள் இத்தனை பேர் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. ஒருவர் ஒருவராக வந்தார்கள். பிறகு குடி உள்ள சில இளந்தாரிகளும் வந்தார்கள். தங்கள் குடிப் பந்தியில் கடைசி மூலையும் கழுத்தெலும்பும் கிடைத்துச் சலித்தவர்கள் அவர்கள். யாரும் யாரையும் அழைத்ததாகத் தெரியவில்லை. கச்சிமுகம்மது இதைக் கேட்டபோது, நல்லது, அவங்களுக்கும் ஒரு இடம் வேணுமே என்றார். ஸமட் ஒருமுறையாவது போகவேண்டும் என்று நினைப்பார். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு ஏதாவது ஒரு சோலி வந்துவிடும்.

அடுத்த வருஷக் கந்தூரிக்கு விருந்தாளிக் கிடாரம் ஒன்று போதவில்லை, இரண்டு வந்தன. கந்தூரியன்று காலை ஸமட் தன் தாய் வீட்டுக்குப் போனார். பெண்ணுக்கு வீடு கொடுப்பது ஊர் வழக்கமாகையால் அது இப்போது சுஹறாவின் வீடு. ஒவ்வொரு நாளும் உலைக்கு எடுக்கிற அரிசியிலிருந்து ஒரு பிடியை அந்த வீட்டுப் பெண் ஒரு மண்முட்டியில் போட்டுவருவாள். கந்தூரிக்கு அந்தப் பிடியரிசி தாய்க் குடியின் கிடாரத்துக்குப் போகும். முட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அவர்ட கிடாரத்துல போட்டுட்டன் காக்கா" என்றாள் சுஹறா.

பிடியரிசி தாய்க் குடிக்கு உரியது, புருஷனின் கிடாரத்துக்கு இல்லை என்று ஸமட் எடுத்துச் சொன்னார். அவள் மறுக்கவில்லை. இடுப்பில் இருந்த மகனை மற்றப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

"பொம்பிளைகள்ட பக்கம் கிடுகு மறைப்புக்கால நான் பார்த்துக்கிட்டுத்தான் நிண்டன். நீங்க எழும்பிப் போனீங்க. அவர் வீட்ட வந்து, மச்சானுக்கு வயித்துல ஏதோ கோளாறு போல எண்டு சொன்னார். எனக்காகச் சொன்ன பொய் அது. இனி நம்மட குடிக்கு எண்டு ஒரு பிடி அள்ள எனக்குக் கை வருகுதில்ல."

ஸமட் வெறுங்கையோடு பள்ளிவாசலுக்குத் திரும்பினார். விஷயத்தைக் கேட்டதும் கச்சிமுகம்மது முதல்முறையாக நிலைகுலைந்தார். அவருக்குக் கூடப்பிறந்தவர்களில் ஒரே ஒரு பெண். அவளுக்கு ஸமட்டும் சுஹறாவும் மட்டும்தான். ஸமட்டின் பிள்ளைகள் அவருடைய மனைவியின் குடி. மாமாவுக்குப் பிறகு ஸமட், ஸமட்டுக்குப் பிறகு சுஹறாவின் மகன். அந்த வீட்டை விட்டால் மரைக்கார் பதவிக்கு வேறு வழியே இல்லை. கச்சிமுகம்மது தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

"போய் இப்றாஹிமக் கூட்டி வா" என்றார். "நம்மட சஹனில எனக்குப் பக்கத்தில இரிக்கச் சொல்லு. ஆர் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கிறன்."

ஸமட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கை கேட்டதெல்லாம் இதுதான். முற்றத்தைக் கடந்து விருந்தாளிப் பக்கம் விரைந்து போனார். அந்தப் பக்கம் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். இப்றாஹிம் மகனை மடியில் வைத்துக்கொண்டு பளீலோடும் கண்டக்டரோடும் இன்னும் மூன்று பேரோடும் ஒரு சஹனில் இருந்தார். ஸமட் குனிந்து மாமா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னார்.

இப்றாஹிம் மச்சானின் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் ஒன்றும் இல்லை. பிறகு சஹனைச் சுற்றியிருந்த ஐந்து பேரையும் பார்த்தார்.

"இவங்களையும் கூட்டிக்கிட்டு வரட்டா மச்சான்?"

"மாமா உங்கள மட்டும்தான் சொன்னவர்" என்றார் ஸமட்.

"அப்ப நீங்க போய்ச் சாப்பிடுங்க மச்சான். சோறு ஆறுது."

அவர் எழும்பவில்லை. பளீல் சோற்றில் ஒரு சின்ன உருண்டை பிடித்து நீட்டினார். கச்சிமுகம்மதுவுக்குப் பிறகு, ஸமட்டுக்கும் பிறகு, குடிக்கு மரைக்காராக வேண்டிய பிள்ளை வாயை அகலத் திறந்து அதை வாங்கிக்கொண்டது.