முட்டைக்கு மூக்கு

சாலைக் கடைத்தெருவில் அரிசி வாங்குகிறவன் கையில் அள்ளிப் பார்ப்பான். பருப்பு வாங்குகிறவன் கடித்துப் பார்ப்பான். தங்கமீன் வாங்கி விற்கும் நான் பிளாஸ்டிக் பையைச் சுண்டிப் பார்ப்பேன். துள்ளினால் நல்ல சரக்கு. பையில் ஆக்சிஜன் அடைத்துவிட்டால் சோனி மீனும் துள்ளும் என்பது பதினெட்டு வருஷமாக எனக்கு உறைக்கவில்லை.

விஜயம் டீச்சரின் பள்ளித் தொட்டிக்கு நான் கொடுத்த மீன்கள் மூன்றாம் முறையும் செத்தன. தலைமையாசிரியை போனில் காரணம் கேட்டார். "டீச்சருக்குத் தண்ணி மாத்தத் தெரியாது" என்று கூசாமல் சொன்னேன். திங்கட்கிழமை தொட்டியைத் தூக்கிவிட உத்தரவாகிவிட்டது.

சனிக்கிழமை டீச்சர் கடைக்கு வந்தார். என் பெரிய தொட்டியின் மோட்டாரைத் திருகி, நீரை வேகமாக ஓடவிட்டார்.

"தளவாய் அண்ணாச்சி, இப்பப் பாருங்கோ."

நாகர்கோவிலிலிருந்து வாங்கிய மீன்கள் எதிர்த்து நீந்தின. கோட்டைக்குள் தன் வீட்டில் குஞ்சு பொரித்து விற்கும் பிச்சுமணி கொடுத்தவை மட்டும் – பள்ளிக்குப் போனதும் அவர் சரக்குதான் – இரண்டே நிமிஷத்தில் களைத்து, மேலே வந்து வாயைப் பிளந்தன.

"இதுவும் நான் தண்ணி மாத்தாததாலயா? முட்டைக்குள்ள இருதயம் உருவாகறச்சே மூச்சு குறைஞ்சிருக்கும். வளர்ந்தப்பறம் பார்க்க நன்னாத்தான் இருக்கும்; ஒரு கஷ்டம் வந்தா தாங்காது. சந்தேகம்னா குஞ்சு பொரிச்சவரையே போய்க் கேளுங்கோ."

போனேன். முட்டைகள் ஒட்டிய பாசித் தொட்டி; பக்கத்திலேயே பிச்சுமணியின் கட்டில். காற்று மோட்டார் ஓடவில்லை.

"கரண்ட் போயிட்டா சாமி?"

"நான்தான் அணைச்சேன் ஓய். கர்ர்ருனு கத்தறது, தூங்க முடியல்லை. குஞ்சு பொரிச்சப்பறம் போடுவேன்."

"முட்டைக்குக் காத்து வேண்டாமா?"

"முட்டைக்கு மூக்கா இருக்கு?"

"உமக்கு இருக்குல்லா! அதைப் பொத்திக்கிட்டு ஒரு மத்தியானம் தூங்கிப் பாரும்!" தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். "உம்ம தூக்கத்துக்கு ஒரு டீச்சரோட பேரு நாறுது வே!"

"கத்தாதேயும். சுண்டிப் பார்த்து வாங்கினது நீர்தானே?"

இன்னும் கொஞ்சம் கத்திவிட்டு வந்தேன்.

திங்கள் காலை நாகர்கோவில் மீன் ஆறை வாளியில் போட்டு, சிந்தாமல் இறுக மூடித் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன். பியூன் தொட்டி நீரை இறைத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! டீச்சர் மேல தப்பில்ல. மீன்தான் மோசம்."

தலைமையாசிரியை கண்ணாடியை இறக்கி மலையாளத்தில் கேட்டார். "அப்போ அன்னு போனில் பறஞ்ஞதோ?"

"மீன் வாங்கத் தெரியாதவன் பறஞ்சது, அம்மா."

தொட்டி இருக்கட்டும் என்றார். நான் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் வாளியை.

"முதல்ல அந்த மூடியை எடுங்கோ, அண்ணாச்சி."