இறங்கச் சொல்லிட்டேன்

திருப்புலிவனத்துத் தமிழ்வாணனுக்குப் புறநகர் ரயில்களுக்கு மின்சாரம் கொடுக்கும் துணை மின்நிலையத்தில் வேலை. தண்டவாளத்துக்கு மேலே போகும் கம்பியில் இருபத்தைந்தாயிரம் வோல்ட். கட்டுப்பாட்டு அறை சொல்கிறபடி அதை நிறுத்துவதும் மறுபடி ஏற்றுவதும் அவன் பொறுப்பு. ஊருக்கு வெளியே இருளர் குடியிருப்பில் இருந்த முனியனை, ரயில் பாதையோரம் மரம் கழிக்கும் ஒப்பந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவன்தான்.

ஆடி மாதம், ஒரு காலை. கம்பியை உரசிய கிளைகளை வெட்டுவதற்காக மின்சாரத்தை ஒரு மணி நேரம் நிறுத்தியிருந்தார்கள். நேரம் தாண்டியும் வேலை முடியவில்லை. ஆபீசுக்குப் போகிற கூட்டத்தோடு இரண்டு ரயில்கள் நடுவழியில் நின்றன. கட்டுப்பாட்டு அறையிலிருந்து மூன்றாவது முறை போன் வந்ததும் தமிழ்வாணன் மரம் கழிக்கும் ஆட்களின் மேஸ்திரி வேதாசலத்தைப் போனில் கூப்பிட்டான்.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சி சார். ஆளுங்கள எறங்கச் சொல்லிட்டேன்."

இறங்கிவிட்டார்கள் என்று மேஸ்திரி சொல்லவில்லை. அந்த வித்தியாசம் தமிழ்வாணன் காதில் தெளிவாகவே விழுந்தது. இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் போகும். 'ஆட்கள் அனைவரும் இறங்கிவிட்டதாக மேஸ்திரி தகவல்' என்று பதிவேட்டில் எழுதினான். கட்டுப்பாட்டு அறைக்கும் அப்படியே சொன்னான். உத்தரவு வந்தது. சுவிட்சைத் திருப்பினான். மூன்று விநாடியில் மின்சாரம் தானாகவே துண்டிக்கப்பட்டது.

முனியன் மரத்தில் இருந்தான்.

உயிர் பிழைத்தான். வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். விசாரணையில் வேதாசலம், எல்லாரும் இறங்கியபிறகு முனியன் விட்டுவந்த கத்தியை எடுக்கத் தானாக மறுபடி ஏறினான் என்றான். தமிழ்வாணனின் பதிவேடு அதற்குச் சாட்சியானது. "உங்க ரெக்கார்டு ரொம்ப சுத்தம்" என்றார் அதிகாரி. அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதம் கழித்து முனியன் வீட்டுக்குப் போனான். முனியனின் மனைவி எல்லம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"குந்து சார்," என்றான் முனியன். "தப்பு என்னுதுதான் போலக்கீது. எறங்கிட்டு மறுபடி ஏறினேனாம். எனுக்கு நெனப்பே இல்ல. கரண்டு அடிச்சதுல மறந்துட்டேன்னு மேஸ்திரி சொல்றாரு. சேத்துவுட்ட உங்க பேரயும் கெடுத்துட்டேன்."

தமிழ்வாணனால் உட்கார முடியவில்லை.

"நீ எறங்கவே இல்ல முனியா. மேஸ்திரி எறங்கச் சொல்லிட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான் எறங்கிட்டாங்கன்னு எழுதிட்டேன். தெரிஞ்சேதான் எழுதினேன்."

முனியன் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எல்லம்மாள் திட்டுவாள், திட்டினால் கொஞ்சம் லேசாகும் என்று தமிழ்வாணன் எதிர்பார்த்தே வந்திருந்தான். அவள் திட்டவில்லை.

"இத இன்னாத்துக்கு எங்களாண்ட வந்து சொல்லிக்கினு கீற? அங்க போயி சொல்லு," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நடந்ததை மறுநாளே விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தான். தமிழ்வாணனை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். மறுவிசாரணை நடந்தது. சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று முனியனைக் கேட்டார்கள்.

"நான் மரத்துமேலதான் சார் இருந்தேன். எறங்கவே இல்ல," என்றான். இன்னொரு முறை சத்தமாகச் சொன்னான். முனியன்மேல் தவறில்லை என்று அறிக்கையை மாற்றி எழுதினார்கள்.

விசாரணை முடிந்து, ஊருக்குப் பக்கத்திலிருக்கும் உத்திரமேரூருக்கு மூவரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினார்கள். முனியனும் எல்லம்மாளும் முன்னால் இருவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்வாணன் பின்னால் நின்றுகொண்டு வந்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முனியன் திரும்பிப் பார்ப்பான் என்று தோன்றியது. அவன் பார்க்கவில்லை. இறங்கும்போது படியில் தடுமாறினான். தமிழ்வாணன் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் எல்லம்மாள் பிடித்துவிட்டாள்.